விண்மீன் விடு தூது

நுழையும்முன்

தூது தமிழுக்கு நெடுநாள் பழகிய இலக்கிய வகை. அன்னமும் கிளியும் முகிலும் தென்றலும் நெஞ்சமும் தூது சென்ற நூல்கள் நம்மிடம் உண்டு. தூது செல்பவனுக்கு இருக்கவேண்டிய பண்புகளைக் கூறத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. விண்மீன்களும் நமக்குத் தூது விடுகின்றன. அவை அனுப்பும் தூது ஒளி. பலகோடி ஆண்டுகள் வழிநடந்து வந்து சேரும் அத்தூது, கொடுத்தனுப்பிய செய்தியைக் கூட்டாமலும் குறைக்காமலும் நம்மிடம் சேர்க்கிறதா? ஒளித்துகளுக்கு மிகச் சிறிதளவேனும் நிறை இருந்தால், அண்டத்தைப் பற்றி நாம் கொண்டுள்ள கணக்கு என்னவாகும்? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

மங்கும் விளக்குகள்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் மின்தொடர் வண்டிகள் நின்று செல்லும் நிலையங்களுள் ஒன்று சிங்கப்பெருமாள் கோவில். பாறையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் கோவிலால் பெயர்பெற்ற இவ்வூரிலிருந்து பிரியும் சாலை, ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூரை அடைகிறது. மகிழுந்தும் சரக்குந்தும் மோட்டார் சைக்கிளும் உருவாகும் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி அது. இரவு முழுவதும் ஒளிரும் விளக்குகளால் அங்கே விண்மீன்களைக் காண்பது அரிது. எனினும் வானியலின் அடிப்படைப் பாடங்கள் இரண்டை அவ்வூரில் நின்றபடியே கற்கலாம்.

சாலையோர விளக்குகள் யாவும் ஒரே திறன் உடையவை என்று கொள்வோம். அருகில் உள்ளது பொலிவாகவும் தொலைவில் உள்ளது மங்கலாகவும் தோன்றும். தொலைவு இரண்டு மடங்கானால் பொலிவு நான்கில் ஒரு பங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். ஆகவே விளக்கின் உண்மைத் திறன் தெரிந்திருந்தால், அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதைக் கொண்டே தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் மார்கழிப் பனிமூட்டத்தில் இக்கணக்குப் பிழைபடும். விளக்கு மங்கியதற்குத் தொலைவு காரணமா, இடையில் நின்ற பனி காரணமா என்பதை முதலில் தெளிதல் வேண்டும். இவ்வையம் சிறியதாகத் தோன்றலாம். இப்பாடம் முழுவதும் இதன்மீதுதான் நிற்கிறது.

இரண்டாவது பாடம் ஒலியில் உள்ளது. நிலையத்தில் நில்லாமல் விரையும் வண்டியின் ஊதல், நம்மை நெருங்கும்போது கூர்மையாகவும் கடந்து விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். விலகிச் செல்லும் மூலத்திலிருந்து வரும் அலைகள் நீண்டு வந்து சேர்வதே காரணம். ஒளியிலும் இதையொத்த விளைவு உண்டு. தொலைவிலுள்ள விண்மீன் திரள்களின் ஒளி, நிறமாலையின் சிவப்பு முனை நோக்கி நகர்ந்திருக்கிறது. இதனைச் செம்பெயர்ச்சி என்பர். எனினும் இங்கே ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். விண்மீன் திரள்கள் வண்டியைப்போல் வெளியினூடே ஓடுவதில்லை. வெளியே விரிகிறது, அதனுடன் பயணத்திலிருக்கும் ஒளியலையும் நீள்கிறது.

சந்திரசேகர் கண்ட எல்லை

தெருவிளக்குகளின் திறனை மின்வாரியம் சொல்லிவிடும். விண்ணில் ஒரே திறனுடைய விளக்குக்கு எங்கே போவது? இவ்வினாவுக்கான விடையின் வேர் சென்னையில் உள்ளது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு அகவை பத்தொன்பது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள விண்மீன் ஒன்று எவ்வளவு நிறையைத் தாங்கும் என்னும் கணக்கை அக்கடற்பயணத்தில் அவர் போட்டுப் பார்த்தார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறையே எல்லை. அதற்குமேல் அவ்விண்மீன் தன் எடையைத் தானே தாங்காது. 1935இல் இலண்டன் கூட்டமொன்றில் ஆர்தர் எடிங்டன் என்னும் பேரறிஞர் இம்முடிவை எள்ளி ஒதுக்கினார். ஆயினும் கணக்கு நிலைத்தது. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவ்வெல்லையை நெருங்கும் வெண்குள்ள விண்மீன்கள் சில, அணுக்கரு வினையால் வெடித்துச் சிதறுகின்றன. ஏறத்தாழ ஒரே நிறையில் வெடிப்பதால் அவற்றின் உச்சப் பொலிவும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். சிறு வேறுபாடுகள் உண்டு. மெல்ல மங்குவது சற்று மிகுந்த பொலிவுடையது என்னும் விதியைக்கொண்டு அவற்றைத் திருத்திக்கொள்வர். முதலாம் ஏ வகை மீயொளிர் விண்மீன் எனப்படும் இவ்வெடிப்பே வானியலாருக்குக் கிடைத்த தெருவிளக்கு.

1998ஆம் ஆண்டு, சால் பெர்ல்மட்டர் தலைமையிலான குழுவும், பிரையன் சிமித், ஆடம் ரீஸ் ஆகியோர் இடம்பெற்ற மற்றொரு குழுவும் தனித்தனியே ஒரு முடிவை அறிவித்தன. தொலைவிலுள்ள மீயொளிர் விண்மீன்கள், எதிர்பார்த்த அளவைவிட ஏறத்தாழக் கால்பங்கு மங்கலாகத் தெரிந்தன. அதாவது அவை இருக்கவேண்டிய இடத்தைவிடத் தொலைவில் இருந்தன. ஈர்ப்பு விசையால் அண்டத்தின் விரிவு தளர்ந்துவர வேண்டும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அது விரைவுறுகிறது என்ற செய்தி கிடைத்தது. இடையிலுள்ள தூசியால் ஒளி மங்கியிருக்குமோ என்று அவர்களும் ஐயுற்றனர். தூசியாயின் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பைக் குறைவாகவும் தடுத்திருக்கும். அத்தகைய நிறமாற்றம் போதிய அளவில் காணப்படவில்லை. அவர்கள் மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது.

விரிவை விரைவுபடுத்தும் அக்காரணத்துக்கு இருண்ட ஆற்றல் என்று பெயரிட்டனர். பெயர்தான் இட்டனரே தவிர, அது இன்னதென்று எவரும் கண்டிலர். அண்டத்தின் மொத்த உள்ளடக்கத்தில் அது ஏறத்தாழ 68 விழுக்காடு. இருண்ட பொருள் 27 விழுக்காடு. நாம் அறிந்த அணுக்களால் ஆன மண்ணும் மலையும் விண்மீனும் எஞ்சிய 5 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

தெரிந்து தெளிவோம்

இருண்ட ஆற்றல் அளவில் மிகுந்தது. அடர்த்தியில் மிகக் குறைந்தது. ஒரு கன மீட்டர் வெளியில் உள்ள இருண்ட ஆற்றலை நிறையாக மாற்றிக் கணக்கிட்டால், அது ஏறத்தாழ நான்கு புரோட்டான்களின் நிறைக்கே ஈடாகும். வெற்றிடம் எங்கும் பரந்திருப்பதால் கூட்டுத்தொகை மலைக்க வைக்கிறது. வெற்றிடத்துக்கும் எடை உண்டு என்னும் இக்கருத்தை ஆழ்ந்து ஆராய்ந்த இந்திய அறிஞர்களுள் ஒருவர் புனேயில் பணியாற்றிய தாணு பத்மநாபன்.

தூதின்மீது ஓர் ஐயம்

இருண்ட ஆற்றலுக்கான இச்சான்று இரண்டு அளவீடுகளின் முரணில் பிறந்தது. பொலிவு தொலைவைச் சொல்கிறது. செம்பெயர்ச்சி, ஒளி புறப்பட்ட நாள்முதல் அண்டம் எத்தனை மடங்கு விரிந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டும் பொருந்தவில்லை, பொருத்துவதற்காகவே இருண்ட ஆற்றல் கணக்கில் சேர்க்கப்பட்டது. அவ்வாறாயின், செம்பெயர்ச்சி முழுவதும் விரிவினால் மட்டுமே விளைந்தது என்று எவ்வாறு துணிவது? ஒளி வரும் வழியிலேயே அதன் அதிர்வெண் சிறிது மாறியிருந்தால்?

இவ்வையம் புதிதன்று. ஒளி நெடுவழியில் களைத்து ஆற்றலை இழக்கிறது என்று 1929இலேயே ஃபிரிட்ஸ் சுவிக்கி என்பார் கூறினார். விரிவே இல்லை என்று நிறுவ அக்கருத்தைப் பயன்படுத்தியவர்கள் உண்டு. அது பின்னர் கைவிடப்பட்டது. இன்று எழுப்பப்படும் ஐயம் அதனினும் நுட்பமானது. பிரான்சு, பிரேசில், இசுபெயின், இத்தாலி நாடுகளைச் சார்ந்த ஆய்வாளர் சிலர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அண்டம் விரிவதை ஏற்றுக்கொண்டே, ஒளித்துகளாகிய ஃபோட்டானுக்கு நிறை இருக்குமானால் செம்பெயர்ச்சியில் ஒரு சிறுபகுதி வேறு காரணத்தால் விளையக்கூடும் என்றனர். அச்சிறுபகுதியைக் கழித்துவிட்டால் இருண்ட ஆற்றலே தேவைப்படாமல் போகலாம் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு.

ஃபோட்டானுக்கு நிறை இல்லை என்றே நாம் படித்து வருகிறோம். எனினும் நிறையுடைய ஃபோட்டானை எண்ணிப் பார்த்தவர்கள் எளியவர்கள் அல்லர். பருப்பொருளுக்கும் அலைத்தன்மை உண்டென்று கண்ட டி பிராய் அவர்களுள் ஒருவர். அவருடன் பணியாற்றிய ருமேனிய அறிஞர் அலெக்சாந்துரு புரோக்கா, 1936இல் நிறையுடைய இத்தகைய துகள்களுக்குரிய சமன்பாடுகளை வகுத்தார். அவற்றில் நிறையைச் சுழி என்று வைத்தால் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் திரும்பக் கிடைக்கும். மேக்ஸ்வெல் கொள்கை தவறு என்று ஆகிவிடாது. பெரியதொரு கொள்கையின் தனிநிலையாக அது நிற்கும்.

நிறை மட்டும் இருந்தால் ஃபோட்டான் தன் ஆற்றலை இழக்காது என்பதை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். வெற்றுவெளியில் அதன் வேகமே சற்றுக் குறையும். விண்மீன் திரள்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் மின்காந்தப் புலங்களினூடே அது செல்லும்போது, நிறையின் காரணமாக அப்புலங்களோடு ஆற்றலைக் கொடுத்து வாங்கலாம் என்பதே மேற்சொன்ன ஆய்வாளர்களின் கருத்து. கொடுத்தால் செம்பெயர்ச்சி கூடும், வாங்கினால் குறையும். மீயொளிர் விண்மீன் குறிப்பிட்ட செம்பெயர்ச்சிக்கு உரியதைவிட மங்கலாக உள்ளது என்பதைத் திருப்பிச் சொன்னால், அது உள்ள தொலைவுக்கு உரியதைவிடச் செம்பெயர்ச்சி குறைவாக உள்ளது என்றாகும். ஆகவே இருண்ட ஆற்றல் இல்லாமல் கணக்கைச் சரிக்கட்ட, ஒளி வழியில் ஆற்றலை வாங்கியிருக்க வேண்டும். சுவிக்கியின் தூதன் களைத்து வந்தான். இத்தூதனோ வழிச்சோறு உண்டு வலுப்பெற்று வருகிறான்!

நிறையை அளப்பது எவ்வாறு?

ஃபோட்டானைத் தராசில் இட இயலாது. நிறை இருந்தால் என்னென்ன விளையும் என்று எண்ணி, அவ்விளைவுகளைத் தேடுவதே வழி. முதல் விளைவு வேகத்தைப் பற்றியது. நிறையுடைய ஃபோட்டான்களுள் ஆற்றல் குறைந்தவை பின்தங்கும். ஒரே நொடியில் புறப்பட்ட நீல ஒளியும் ரேடியோ அலையும் வெவ்வேறு நேரங்களில் வந்து சேரும்.

இத்தகைய காலத்தாழ்வு உண்மையிலேயே காணப்படுகிறது. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், கோவிந்த் சொரூப் தலைமையில் உருவாகி 1970இல் செயற்படத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி உள்ளது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். உதகையின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சரிவுடைய மலைச்சாரலைத் தேடிக் கண்டு அதன்மீது தொலைநோக்கியை நிறுவியமையால், அதன் நீள்அச்சு புவியின் சுழல்அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே போதும், ஒரு விண்மூலத்தைப் பல மணிநேரம் தொடரலாம். நிலத்தின் சாய்வையே கருவியின் உறுப்பாக்கிய இவ்வமைப்பைத் தமிழகத்துப் பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறை சென்று காணுதல் நன்று.

இத்தகைய தொலைநோக்கிகளில் துடிப்பு விண்மீன்களின் ரேடியோத் துடிப்புகளைப் பதிவு செய்யும்போது, உயர் அதிர்வெண் அலைகள் முதலிலும் தாழ் அதிர்வெண் அலைகள் பின்னரும் வருவதைக் காணலாம். ஃபோட்டானுக்கு நிறை உண்டென்று இதைக்கொண்டு முடிவு கட்டிவிடலாமா? கூடாது. விண்மீன்களுக்கு இடையேயுள்ள வெளியில் தனித்த எலெக்ட்ரான்கள் மிதக்கின்றன. அவற்றினூடே செல்லும் ரேடியோ அலைகள் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் தாமதமடைகின்றன. ஃபோட்டானுக்கு நிறை இருந்தாலும் தாமதம் அதே விகிதத்தில்தான் அமையும்! எலெக்ட்ரான் கூட்டத்தினூடே செல்லும் ஒளி, நிறை பெற்றதைப்போலவே நடந்துகொள்கிறது. உண்மை நிறையும் போலி நிறையும் ஒரே முகமூடியை அணிந்து வருகின்றன.

எனினும் இரண்டையும் பிரிக்க வழி உண்டு. தொலைவு கூடக்கூட இவ்விரு தாமதங்களும் வளரும் முறை வேறு. பலகோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளே நீடித்து வரும் அதிவேக ரேடியோ வெடிப்புகளைக்கொண்டு ஆராய்ந்ததில், ஃபோட்டானின் நிறை 10⁻⁵⁰ கிலோகிராமுக்கும் கீழ் என்று தெரிந்தது.

காந்தப்புலம் இதனினும் கடுமையான சான்று தருகிறது. ஃபோட்டானுக்கு நிறை இருந்தால் கோள்களின் காந்தப்புலம் தொலைவில் விரைவாகத் தேய்ந்துவிடும். 1973 திசம்பரில் வியாழனைக் கடந்து சென்ற பயனியர் 10 விண்கலத்தின் பதிவுகள் 1975இல் இந்நோக்கில் ஆராயப்பட்டன. வரம்பு 10⁻⁵¹ கிலோகிராமுக்கும் கீழே இறங்கியது. சூரியக் காற்றின் காந்தப்புலத்தை ஆராய்ந்து பெற்ற, இன்று பரவலாக எடுத்தாளப்படும் வரம்பு ஏறத்தாழ 2×10⁻⁵⁴ கிலோகிராம். எலெக்ட்ரானின் நிறையோ 9×10⁻³¹ கிலோகிராம். சூரியக் காற்றைப் பற்றிய சில கற்பிதங்களை இவ்வரம்பு சார்ந்துள்ளதால் இதனை இறுதியாகக் கொள்ளலாகாது என்று வாதிடுவோரும் உளர்.

இவையனைத்தும் நிறை இதற்குமேல் இல்லை என்றே கூறுகின்றன. நிறை இல்லவே இல்லை என்று கூறவில்லை. அவ்வாறு கூறவும் இயலாது. ஹெய்சன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டின்படி, ஓர் ஆற்றலை எவ்வளவு நுட்பமாக அளக்கலாம் என்பது அளக்கக் கிடைத்த காலத்தைப் பொறுத்தது. அண்டத்தின் வயது முழுவதையும், அதாவது 1380 கோடி ஆண்டுகளையும், ஒரே அளவீட்டுக்குச் செலவிட்டாலும் ஏறத்தாழ 10⁻⁶⁹ கிலோகிராமுக்குக் கீழுள்ள நிறையை அறிய இயலாது. 10⁻⁵⁴க்கும் 10⁻⁶⁹க்கும் இடையே கிடக்கும் பரப்பில் இயற்கை எதனை மறைத்து வைத்திருக்கிறது என்பது திறந்த வினா.

தூதைச் சோதித்தல்

ஃபோட்டானின் நிறை தெரியாவிட்டாலும், அது வழியில் ஆற்றலை வாங்கியதா என்பதைச் சோதிக்க இயலும். வெடித்த மீயொளிர் விண்மீன் சில வாரங்களில் ஒளிர்ந்து மங்கும். வெளி விரிவதால் செம்பெயர்ச்சி விளைந்திருந்தால், ஒளியலை நீண்ட அதே மடங்கில் அவ்வெடிப்பின் கால அளவும் நீளும். அலைநீளம் இருமடங்கானால், இருபது நாளில் நிகழ்வது நாற்பது நாளில் நிகழ்வதாக நமக்குத் தோன்றும். வழியிலுள்ள புலங்கள் ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலை மட்டும் மாற்றினாலோ நிறம் மாறுமே அன்றி, நாள்கணக்கு மாறாது. ஆகவே நிறம் ஒரு சாட்சி. கால நீட்சி மற்றொரு சாட்சி. இரண்டும் ஒத்துச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சிலி நாட்டு மலையுச்சியிலுள்ள தொலைநோக்கியைக்கொண்டு நடைபெற்ற இருண்ட ஆற்றல் அளவாய்வில் கிடைத்த 1504 மீயொளிர் விண்மீன்களை இந்நோக்கில் ஆராய்ந்து 2024இல் முடிவு வெளியிட்டனர். அலைநீளம் நீண்ட மடங்கும் காலம் நீண்ட மடங்கும் முற்றிலும் ஒன்றாயின் அவற்றை இணைக்கும் அடுக்கெண் 1 ஆக இருக்க வேண்டும். கிடைத்தது 1.003, புள்ளியியல் பிழை வரம்பு 0.005. பொருள் மட்டுமே நிரம்பிய, இருண்ட ஆற்றல் இல்லாத அண்டத்தை எடுத்துக்கொண்டு, அலைநீளம் ஒன்றரை மடங்கு நீண்ட விண்மீன்களின் பொலிவை ஃபோட்டான் நிறையால் மட்டுமே விளக்க முயன்றால், இரு சாட்சிகளும் ஏழெட்டு விழுக்காடு வேறுபட வேண்டும் என்பது எளிய கணக்கில் தெரியும். அவ்வளவு வேறுபாட்டுக்கு இவ்வளவீட்டில் இடமில்லை. இருண்ட ஆற்றல் முழுவதையும் ஒளியின் நிறை விழுங்கிவிடும் என்னும் நம்பிக்கைக்கு இது பெருந்தடை. செம்பெயர்ச்சியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த சிறு விளைவுக்கு மட்டும் கதவு சாத்தப்படவில்லை.

மீயொளிர் விண்மீன்களே தனிச்சான்றும் அல்ல. அண்டத்தின் தொடக்கக் கால வெப்பத்தின் எச்சமாகிய நுண்ணலைப் பின்புலமும், விண்மீன் திரள்கள் பரவியுள்ள பாங்கும் வேறு வழியில் ஏறத்தாழ அதே 68 விழுக்காட்டுக்கு நம்மை அழைத்துச் செல்கின்றன.

வேறு மெல்லிய துகள்கள்

ஃபோட்டான் கைவிட்டாலும் நிறை மிகக் குறைந்த துகள் என்னும் எண்ணத்தை இயற்பியலார் கைவிடவில்லை. 10⁻⁶⁹ கிலோகிராம் அளவே நிறையுடைய துகள் ஒன்று இருக்குமானால், அதற்குரிய புலம் அண்டத்தின் வாழ்நாள் முழுவதும் அசைந்தும் அசையாமலும் இருக்கும். ஏறத்தாழ வெற்றிடத்தின் ஆற்றலைப்போலவே இயங்கி விரிவை முடுக்கும். மேலே நிச்சயமின்மைக் கோட்பாடு காட்டிய எல்லையும் இவ்வளவே ஆதல் தற்செயல் அன்று; இரண்டும் அண்டத்தின் வயதிலிருந்து பிறப்பவை.

நியூட்ரினோவையும் சிலர் கருதிப் பார்த்தனர். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த ஆய்வுகளுள் ஒன்று, 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நிகழ்ந்தது. அத்துகளுக்கு நிறை உண்டு என்பதை நிறுவியமைக்காக 2015இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதன் நிறை அண்ட விரிவோடு மாறிவரலாம் என்றும், அம்மாற்றமே இருண்ட ஆற்றலாகத் தோன்றலாம் என்றும் ஒரு கருதுகோள் உண்டு. அதற்கு இதுவரை சான்று இல்லை.

இருண்ட ஆற்றல் மாறாதது என்னும் கருத்தும் இப்போது அசைக்கப்பட்டுள்ளது. அரிசோனாவிலுள்ள கருவியொன்று பலகோடி ஒளியாண்டுப் பரப்பில் விண்மீன் திரள்களின் பரவலை வரைந்து வருகிறது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளியான அதன் முடிவுகள், இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுக்குன்றி வரலாம் எனக் குறிப்புக் காட்டுகின்றன. மாறாத வெற்றிட ஆற்றலாயின் அது குன்றாது. மெல்லிய துகளொன்றின் புலமாயின் குன்றக்கூடும். உறுதியான முடிவுக்கு இன்னும் அளவீடுகள் வேண்டும். அவ்வளவீடுகள் இவ்வகுப்பில் இன்று அமர்ந்திருப்போர் கல்லூரியை முடிக்கும் காலத்தில் வெளிவரும்.

கற்பவை கற்றபின்

1. ஒளியைத் தூதாகக் கருதி, தூதனிடம் இருக்கவேண்டிய பண்புகளாகத் திருக்குறள் கூறுவனவற்றுள் எவை ஒளிக்குப் பொருந்தும், எவை பொருந்தா என்பதை வகுப்பில் உரையாடுக.

2. உதகை ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் அமைக்கப்பட்டதன் காரணத்தைப் படம் வரைந்து விளக்குக. உங்கள் ஊரின் அகலாங்குக்கு எத்தனை பாகைச் சரிவு தேவைப்படும் எனக் கண்டறிக.

3. ‘அளக்க முடியாத நிறையும் நிறையே இல்லாமையும் ஒன்றா?’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.